கட்டி சார்க் பாய்மரக் கப்பல்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களை ஜார்ஜ்டவுன் கடலோரத்துக்கு அழைத்துப் போவது என் வழக்கம். வெல்ட் கீ என்னும் கடலோரச் சாலையின் பழைய கிடங்குகளையும், மரத்தூண்களில் நிற்கும் சீனக் குடும்பப் படகுத்துறைகளையும், சூலியா தெருவின் நாகூர் தர்காவையும் பார்த்து முடித்த பிறகு நிழலாக ஓர் இடம் பார்த்து உட்காருவோம். அப்போது ஒரு கப்பலின் படத்தைக் காட்டுவேன். லண்டன் கிரீனிச்சில், தண்ணீர் இல்லாத துறைக்குள் நிற்கும் கட்டி சார்க் என்னும் பாய்மரச் சரக்குக் கப்பல் அது. பிள்ளைகள் கேட்டவை, உடன் வந்த பெற்றோர் கேட்டவை, வீட்டிலிருந்து தாத்தா பாட்டிகள் கேட்டு அனுப்பியவை என்று கேள்விகள் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு லண்டன் கப்பலைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாதிக்குமேல் இப்படி ஒரு வரி சொல்லும். ரஜுலா 1926இல் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி நம் மக்களைச் சுமந்தது. 1970களில் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால், சோழகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் மாதங்களில் பாய் விரித்து நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இங்கே வந்த கப்பல்களில் ஒன்றின் பலகைகூட இன்று நாம் பார்க்கும் இடத்தில் இல்லை.

கட்டி சார்க்கும் கிளைட் பக்கத்துக் கப்பல்தான். நம் கொள்ளுப்பாட்டன்மார் பாய்மரக் கப்பலில் வந்த அதே காலத்தில், அதே இந்தியப் பெருங்கடலில் அது சரக்கு ஏற்றி ஓடியது. சில ஆண்டுகளுக்கு முன் கிரீனிச்சில் அதன் அடித்தளத்துக்குள் இறங்கி, இரும்பு விலாக்களுக்கு நடுவே நின்றபோது, தாத்தா ஏறிவந்த கப்பலை எனக்குக் காட்ட எவரும் இல்லையே என்று தோன்றித் தொண்டை அடைத்தது. அன்றிலிருந்துதான் இந்தக் கப்பலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

கட்டி சார்க் என்றால் என்ன பொருள்?

ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘குட்டைச் சட்டை’. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1791இல் வெளியிட்ட கதைப்பாடல் ஒன்றில், குடித்துவிட்டு இரவில் குதிரையில் வீடு திரும்பும் ஒருவன் சூனியக்காரிகள் ஆடுவதைப் பார்க்கிறான். குட்டைச் சட்டை போட்ட நானி என்னும் இளம் சூனியக்காரி அவனைத் துரத்துகிறாள். அவன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தப்பிக்கும்போது குதிரையின் வால் மட்டும் அவள் கையோடு போய்விடுகிறது. கப்பலின் முகப்பில் கையை நீட்டியபடி இருக்கும் வெள்ளைப் பெண் சிலை அந்த நானிதான். துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் இளம் மாலுமிகள் பழைய கயிற்றைப் பிரித்து வால் செய்து அவள் கையில் கொடுப்பார்களாம். பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

யார் கட்டினார்கள்? எப்போது?

லண்டன் கப்பல் முதலாளி ஜான் வில்லிஸ் கட்டச் சொன்னார். வடிவம் கொடுத்தவர் ஹெர்குலிஸ் லின்டன். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் ஊரில் ஸ்காட் அண்ட் லின்டன் என்ற சிறிய பட்டறை வேலையை எடுத்தது. ஒரு டன்னுக்கு 17 பவுண்டு என்று வில்லிஸ் விலையை நெருக்கிப் பேசியிருந்தார். அந்தப் பணத்தில் அவர் கேட்ட தரத்தைக் கொடுக்க முடியாமல், கப்பல் முடிவதற்குள் பட்டறை திவாலானது. பக்கத்துப் பட்டறையான டென்னி நிறுவனம் மீதி வேலையை முடித்தது. 1869 நவம்பர் 22இல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. இத்தனை அழகான கப்பலைச் செய்த கைகளுக்கு அதில் லாபம் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. வில்லிஸிடம் ‘தி ட்வீட்’ என்ற வேகமான கப்பல் ஒன்று இருந்தது. லின்டனை அழைத்துப்போய் அதைக் காட்டினார். கட்டி சார்க்கின் வடிவத்தில் அந்தக் கப்பலின் சாயல் உண்டு. தி ட்வீட் முதலில் ‘பஞ்சாப்’ என்ற பெயரில் பம்பாய்க் கப்பல் துறையில், பார்சி வாடியா குடும்பத்துக் கப்பல் ஆசாரிகள் தேக்கில் கட்டிய போர்க் கப்பல். வில்லிஸ் வாங்கி, நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பாய்மரக் கப்பலாக்கினார். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கப்பலின் உடம்பில் இந்தியத் தச்சரின் கை ஓடுகிறது.

அது மரக் கப்பலா, இரும்புக் கப்பலா?

இரண்டும். இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கப்பலின் உயிர்நிலையே இதில்தான் இருக்கிறது.

முழுக்க மரத்தில் பெரிய கப்பல் கட்டினால் உள்ளே இருக்கும் வங்குகள், அதாவது விலா எலும்பு போன்ற வளைகட்டைகள், மிகத் தடிமனாக இருக்க வேண்டும். சரக்குக்கான இடத்தை அவையே பிடித்துக்கொள்ளும். முழுக்க இரும்பில் கட்டினால் இடம் கிடைக்கும். ஆனால் வெப்பக் கடல்களில் சில வாரங்களிலேயே அடிப்பகுதியில் பாசியும் ஒட்டுச்சிப்பியும் குடியேறி வேகத்தைக் குறைத்துவிடும். செம்புத் தகடு போர்த்தினால் அவை ஒட்டாது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் அண்டாது. ஆனால் இரும்பின்மேல் நேரடியாகச் செம்பைப் போர்த்தி உப்புத் தண்ணீரில் விட்டால், மின்கலத்துக்குள் நடப்பதுபோல வேதிவினை நடந்து இரும்பு அரித்துப் போகும்.

இதற்கு அக்காலத் தச்சர்கள் கண்ட வழி, உள்ளே இரும்பு வங்கு, அதன்மேல் மரப் பலகை, பலகையின்மேல் தகடு. இரும்பும் தகடும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் மரம் காவல் நிற்கும். கட்டி சார்க்கில் மேற்பகுதிப் பலகை தேக்கு, நீருக்கடியில் எல்ம் மரம். அடியில் போர்த்தியது சுத்தமான செம்பு அல்ல; மண்ட்ஸ் உலோகம் எனப்படும் ஒருவகைப் பித்தளை. 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. பர்மிங்காமின் ஜார்ஜ் மண்ட்ஸ் 1832இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தியக் கரைகளில் இதே வேலைக்குச் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துக் கப்பலின் அடியில் பூசினார்கள்.

எவ்வளவு பெரியது?

உடலின் நீளம் சுமார் 65 மீட்டர், அகலம் 11 மீட்டர். நடுப் பாய்மரத்தின் உயரம் 46 மீட்டர். எல்லாப் பாய்களையும் விரித்தால் 32,000 சதுர அடி. கயிறுகளை அவிழ்த்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 11 மைல் நீளும். இத்தனையையும் ஆள 30 பேருக்கு முன்பின்னாகத்தான் இருந்தார்கள். பிற்காலத்தில் 19 பேரோடுகூட ஓடியிருக்கிறது.

எந்தச் சரக்குக்காகக் கட்டினார்கள்?

சீனத் தேயிலைக்காக. 1870 பிப்ரவரியில் லண்டனிலிருந்து கிளம்பி ஷாங்காய் போய், சுமார் 13 லட்சம் பவுண்டு, அதாவது 590 டன் தேயிலையோடு அக்டோபரில் திரும்பியது. வரும் வழிக்கு 110 நாள். அந்த ஆண்டின் புதுத் தேயிலை முதலில் எந்தக் கப்பலில் வந்து சேருகிறதோ அதற்கு நல்ல விலை கிடைக்கும். அதனால்தான் இவ்வளவு வேகத்துக்கு இவ்வளவு செலவு.

தேயிலை கூச்சமுள்ள சரக்கு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்டால் போயிற்று. கப்பலின் அடியில் கழுவிய கூழாங்கற்களைப் பாரத்துக்குப் பரப்பிச் சமமாக்கி, அதன்மேல் மலிவான தேயிலைப் பெட்டிகளை வைத்து, உயர்ந்த வகையை நடுவில் பத்திரப்படுத்துவார்கள். வளைந்த கப்பல் சுவருக்கும் சதுரப் பெட்டிக்கும் நடுவே கை நுழையாதபடி அடுக்கியவர்கள் சீனத் தொழிலாளர்கள். அவர்கள் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. வெல்ட் கீக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தோங்காங் படகுகளில் மூட்டை இறக்கிய தமிழர்களின் பிள்ளைகள் நாம். அடுக்கும் கையின் அருமை நமக்குத் தெரிய வேண்டும் என்பதால் இந்த இடத்தில் நான் சற்று நிற்பேன்.

வேகமான கப்பல் என்றால் தேயிலை வணிகத்தில் ஏன் நீடிக்கவில்லை?

அது தண்ணீரில் இறங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, 1869 நவம்பர் 17இல், சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் ஆயிரக்கணக்கான மைலை மிச்சப்படுத்தின. பாய்மரக் கப்பலுக்குக் கால்வாய் உதவாது. இழுத்துச் செல்லக் கூலி கொடுக்க வேண்டும், செங்கடலின் காற்றும் ஒத்துவராது. கட்டி சார்க் மொத்தம் எட்டுத் தேயிலைப் பயணங்கள்தான் செய்தது. 1877க்குப் பிறகு அதற்குத் தேயிலைச் சரக்கு கிடைக்கவில்லை. அதே கால்வாய்தான் பினாங்கின் தலையெழுத்தையும் மாற்றியது. நீராவிக் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியே வரிசையாக வரத் தொடங்கின. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ உருவானது. நாம் நடக்கும் அந்தச் சாலையும் ஒரு கப்பல் வேலையிழந்ததும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள்.

அது பந்தயத்தில் தோற்ற கப்பல் என்கிறார்களே?

தோற்றது உண்மை. ஆனால் எப்படித் தோற்றது என்று கேட்க வேண்டும்.

1872 ஜூனில் கட்டி சார்க்கும் அதன் போட்டியாளரான தெர்மோப்பிலேயும் ஷாங்காயிலிருந்து ஒரே சமயத்தில் கிளம்பின. சுந்தா நீரிணையைத் தாண்டி இந்தியப் பெருங்கடலில் கட்டி சார்க் ஏறக்குறைய 400 மைல் முன்னால் போய்விட்டது. ஆகஸ்ட் 15இல் பெரும்புயல் சுக்கானைப் பிடுங்கிக்கொண்டு போனது. சுக்கான் இல்லாத கப்பல், கடிவாளம் இல்லாத குதிரை. கப்பலில் முதலாளியின் தம்பி ராபர்ட் வில்லிஸ் இருந்தார். கேப்டவுனுக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று அவர் சொன்னார். கேப்டன் ஜார்ஜ் மூடி மறுத்துவிட்டார். நடுக்கடலிலேயே புதுச் சுக்கான் செய்வது என்று முடிவானது.

தச்சர் ஹென்றி ஹென்டர்சன் பாயைத் தாங்கும் பருமல் கட்டைகளில் உதிரியாக இருந்தவற்றை அறுத்தார். இரும்புப் பட்டைகளை வளைக்க மேல்தளத்தில் உலை மூட்டினார்கள். அலையில் கப்பல் சாய்ந்தபோது உலை கவிழ்ந்து, துருத்தி பிடித்துக்கொண்டிருந்த கேப்டனின் சொந்த மகன்மேல் நெருப்புக் கங்குகள் கொட்டின. அப்படியும் வேலை நிற்கவில்லை. புதுச் சுக்கானைப் பொருத்தி ஓட்டினார்கள். வழியில் அதன் பிடிப்புகள் அறுந்துபோக, மறுபடியும் தூக்கிச் சரிசெய்து போட்டார்கள். தெர்மோப்பிலே 115 நாளில் லண்டன் சேர்ந்தது. கட்டி சார்க் 122 நாளில் வந்தது. ஏழு நாள் வித்தியாசம். அந்த ஆண்டு வென்ற கப்பலைவிட இதைப் பற்றித்தான் ஊர் பேசியது. நானும் இந்தத் தோல்வியைத்தான் பிள்ளைகளுக்கு நீட்டிச் சொல்கிறேன், ஹென்டர்சன் என்ற ஒரு தச்சரின் பெயர் வரலாற்றில் தங்கிய அரிய இடம் அது என்பதால்.

பினாங்கு வழியாகப் போயிருக்குமா?

தேயிலைப் பாதை நம் நீரிணை வழியே இல்லை. ஷாங்காயிலிருந்து தென்சீனக் கடலில் இறங்கி, ஜாவாவுக்கும் சுமாத்ராவுக்கும் நடுவே உள்ள சுந்தா நீரிணை வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு வருவார்கள். மலாக்கா நீரிணை நீளமானது. காற்று மந்தமாகவும் திசை மாறி மாறியும் வீசும். இன்ஜின் இல்லாத கப்பல் அதில் மாட்டினால் நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். சுந்தா நீரிணையைத் தாண்டினால் தென்கிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். நாகப்பட்டினத்துக் கப்பல்களின் கணக்கு வேறு. சோழகத்தில் கிழக்கே வந்து, பாக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு, வாடைக்காற்றின் பின்பகுதியில் திரும்புவார்கள். காற்று மாறும்வரை இந்தத் தீவில் தங்க வேண்டும். அப்படித் தங்கியவர்களால்தான் சூலியா தெரு உண்டானது என்றுகூட எனக்குத் தோன்றும்.

தமிழ்நாட்டுக் கரைக்கு வந்ததுண்டா?

உண்டு. தேயிலை போன பிறகு கிடைத்த சரக்கையெல்லாம் ஏற்றி அலைந்த காலத்தில், 1880களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. பிறகு ஆந்திரக் கரையில் பீமிலிப்பட்டினம், காக்கிநாடா என்று தொட்டு வெல்லமும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு லண்டன் திரும்பியது. கடுக்காய் அங்கே மருந்துக்குப் போகவில்லை, தோல் பதனிடப் போனது. கல்கத்தாவிலிருந்து சணலும் சுமந்திருக்கிறது. சீமாட்டிகளின் தேயிலைக்காகச் செதுக்கிய கப்பலில் நம்மூர் வெல்ல மூட்டை! இதைச் சொன்னதும் பாட்டிமார் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

கப்பலில் கொலை நடந்ததாமே?

நடந்தது. 1880இல், நிலக்கரி ஏற்றி ஜப்பானுக்குப் போன பயணத்தில். துணைக் கேப்டன் சிட்னி ஸ்மித் முரடன். ஜான் ஃபிரான்சிஸ் என்ற கறுப்பின மாலுமியோடு அவனுக்கு மோதல் மூண்டு, தலையில் அடித்ததில் ஃபிரான்சிஸ் இறந்துபோனார். ஜாவாவின் ஆஞ்சர் துறையில் ஸ்மித் வேறொரு கப்பலுக்குத் தப்பிச் செல்லக் கேப்டன் ஜேம்ஸ் வாலஸ் இடம் கொடுத்துவிட்டார். மாலுமிகள் வேலைசெய்ய மறுத்தனர். பிறகு ஜாவா கடலில் காற்றே இல்லாமல் கப்பல் நின்றது. மனம் உடைந்த வாலஸ் கடலில் குதித்து மாண்டார். ஸ்மித் பின்னர் லண்டனில் பிடிபட்டு ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். கப்பலைப் போற்றும்போது இதை மறைத்துப் பேசக் கூடாது. பிள்ளைகளிடம் ஃபிரான்சிஸின் பெயரை நான் தவறாமல் சொல்வேன்.

பிறகு எப்படிப் புகழ் வந்தது?

ஆஸ்திரேலியக் கம்பளியால். 1883 முதல் 1895 வரை அந்த வேலை. ஐயாயிரம் பொதிக்கு மேல் ஏற்றிய பயணங்களும் உண்டு. பொதிகளைத் திருகு இயந்திரத்தால் நெருக்கி நெருக்கி உள்ளே தள்ளுவார்கள். 1885இல் கேப்டன் ரிச்சர்டு வுட்ஜெட் பொறுப்பேற்றதும் கப்பல் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. தென்கடலின் பேய்க்காற்றைத் தேடி, பனிப்பாறைகள் மிதக்கும் அளவுக்குத் தெற்கே இறங்குவார். சிட்னியிலிருந்து லண்டனுக்கு 73 நாளில் வந்தார். அதிகபட்ச வேகம் மணிக்கு 17.5 கடல்மைல். 1889 ஜூலையில், அக்காலத்தின் சிறந்த நீராவிக் கப்பல்களில் ஒன்றான பிரிட்டானியாவை இரவில் பின்னாலிருந்து வந்து கடந்துபோனது. வுட்ஜெட் நாய் வளர்த்தார், கப்பலுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டினார், புகைப்படம் எடுத்தார். பாய் விரித்த கட்டி சார்க்கை நாம் இன்று பார்க்க முடிவதற்கு அவருடைய படங்களும் ஒரு காரணம்.

ஆனால் தெர்மோப்பிலேயின் முடிவு வேறு. போர்ச்சுகல் கடற்படை அதைப் பயிற்சிக் கப்பலாக வைத்திருந்து, 1907இல் கடலிலேயே மூழ்கடித்துவிட்டது.

கட்டி சார்க் மட்டும் எப்படித் தப்பியது?

அதுவும் 1895இல் போர்ச்சுகல் நிறுவனத்துக்கு 2,100 பவுண்டுக்கு விற்கப்பட்டு, ‘ஃபெரேரா’ என்று பெயர் மாறியது. மாலுமிகள் மட்டும் பழைய பெயரைத் தங்கள் மொழியில் ‘சின்னச் சட்டை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1916இல் புயலில் பாய்மரங்கள் முறிந்தன. புது மரம் போட வசதியில்லாமல் கேப்டவுனில் சிறிய பாயமைப்பு வைத்தார்கள். 1922இல் இன்னொரு பெயர்.

அந்த ஆண்டு புயலுக்கு ஒதுங்கி இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் நின்றபோது, ஓய்வுபெற்ற கேப்டன் வில்ஃபிரட் டவ்மன் பார்த்தார். இளம் பயிற்சி மாலுமியாக இருந்தபோது தன் கப்பலை நடுக்கடலில் கட்டி சார்க் கடந்துபோனதைக் கண்டவர் அவர். அழுக்கும் ஒட்டும் சேர்ந்த அந்தக் கப்பலை அடையாளம் கண்டுகொண்டு, 3,750 பவுண்டு கொடுத்து வாங்கி, பழைய பெயரையும் பாய்களையும் மீட்டார். விற்றவருக்குக் கிடைத்த விலை கப்பல் 27 ஆண்டுக்கு முன் விற்ற விலையைவிட அதிகம். டவ்மன் மறைந்த பின் அவர் மனைவி கேத்தரின் 1938இல் அதைக் கடற்பயிற்சிக் கல்லூரிக்குக் கொடுத்தார். 1954 டிசம்பரில் கிரீனிச்சில் இதற்கென்றே கட்டிய உலர்துறைக்குள் கொண்டுவந்தார்கள். 1957 ஜூன் 25இல் எலிசபெத் ராணி திறந்துவைத்தார்.

எரிந்துபோனதாகச் செய்தி வந்ததே?

2007 மே 21 அதிகாலை. உப்பு ஊறிய மரமும் துருப்பிடித்த இரும்பும் கப்பலைத் தின்றுகொண்டிருந்ததால் 2006 இறுதியில் பெரிய செப்பனிடும் பணி தொடங்கியிருந்தது. தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வார இறுதியில் அணைக்காமல் விட்டதுதான் தீக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நல்லவேளையாகப் பாய்மரங்கள், முகப்புச் சிலை, பலகைகளில் ஏறக்குறைய பாதி ஆகியவை பணிக்காக ஏற்கெனவே கழற்றி வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தன. இரும்பு வங்குகள் வெப்பத்தில் பெரிதாக வளையவில்லை. 2012 ஏப்ரலில் மீண்டும் திறந்தார்கள்.

அப்படியானால் இப்போது நிற்பது அசல் கப்பலா? மலாக்காவில் இருப்பதைப்போல் நகலா?

மலாக்கா ஆற்றங்கரையில் அருங்காட்சியகமாக நிற்பது, 1511இல் சுமாத்ரா அருகே மூழ்கிய போர்ச்சுகீசியக் கப்பலின் உருவத்தில் பிற்காலத்தில் கட்டியது. குழந்தைகள் ஏறிப் பார்க்க நன்று. கட்டி சார்க் அப்படியல்ல. அதன் உடற்பகுதியின் பெரும்பங்கு 1869இல் கிளைட் கரையில் செய்ததுதான். மேல்தளமும் அடித்தகடும் புதியவை. ஓடிய காலத்திலேயே பாயும் கயிறும் சுக்கானும் எத்தனையோ முறை மாறின. கப்பல் என்பது மாறிக்கொண்டே இருக்கும் பொருள். தண்ணீரில் இருந்தபோது கலப்பத்துக்காரன் ஒவ்வொரு பயணத்துக்கும் பலகை இடுக்குகளை அடைத்தான். இன்று அதே வேலையை வேறு கருவியோடு செய்கிறார்கள்.

கண்ணாடிக் கூரை போட்டது சரியா?

2012இல் கப்பலை மூன்று மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தி, நீர்மட்டம் இருக்க வேண்டிய உயரத்தில் சுற்றிலும் கண்ணாடி போட்டார்கள். இப்போது அடியில் நடந்து, மின்னும் தகட்டை அண்ணாந்து பார்க்கலாம். கப்பலின் அழகான கீழ்வளைவைக் கண்ணாடி மறைக்கிறது என்று பலர் எதிர்த்தார்கள். அந்த ஆண்டின் மோசமான கட்டடம் என்று ஒரு கட்டடக்கலை இதழின் பட்டமும் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டைக்குக் கீழே நின்று, முன்பக்கம் கத்திபோல் ஒடுங்குவதைப் பார்த்தபோதுதான் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. அதற்காக நான் கண்ணாடியைப் பொறுத்துக்கொள்கிறேன்.

லண்டன் போனால் பார்க்க எளிதா?

எளிது. கப்பலின் பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. தேம்ஸ் ஆற்றில் படகிலும் வரலாம். அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். கப்பலின் அடியில் பழைய கப்பல்களின் முகப்புச் சிலைகள் எண்பதுக்கு மேல் நிற்கின்றன, அவசரப்படாமல் பாருங்கள்.

கப்பல் உறுப்புகளுக்குத் தமிழில் சொல் உண்டா?

தாராளமாக. பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டை பருமல். பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். அடியில் முதுகெலும்புபோல் ஓடும் கட்டை ஏரா. பலகை இடுக்குகளில் பஞ்சும் பிசினும் அடைப்பது கலப்பத்து. கப்பலை நடத்துபவர் தண்டல். இவை பழைய அகராதிகளிலும் கரையோர ஊர்களிலும் இன்னும் கிடக்கின்றன. ஆங்கிலப் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே நின்று இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கப்பலின்மேல் பொருத்திப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின.

எங்கள் வீட்டில் தாத்தாவின் கப்பல் டிக்கெட் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில், லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டிலும் பசையிலும் பழைய தாள் கெட்டுப்போகும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடாவும் வேண்டாம். நம் பினாங்கு ஈரத்துக்கு, அமிலம் இல்லாத தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகரப் பெட்டி, பாஸ்போர்ட், ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் இதுவே முறை. பாட்டி இருந்தால், கப்பலில் எத்தனை நாள், என்ன சாப்பாடு, எந்தத் துறையில் இறங்கினார்கள், யார் அழைத்துப்போக வந்தார்கள் என்று கேட்டு அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி, தேதி போட்டு, அந்தப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த நடைக்கு வரும்போது படத்தை மட்டும் கொண்டு வாருங்கள். டிக்கெட் வீட்டிலேயே இருக்கட்டும்.